வாத்தியாரம்மாவுக்கு இரண்டு தீர்ப்பு

கோபப்படாதீங்க, ரத்த அழுத்தம் ஏறும் என்கிறாள் மருமகள். ஏறட்டும். சில விஷயங்களைக் கேட்டும் ஏறவில்லை என்றால் அந்த ரத்தம் உடம்பில் ஓடித்தான் என்ன பயன்?

போன மாதம் பக்கத்து வீட்டு அம்மா தங்கள் சபை விழாவுக்குக் கூப்பிட்டார். ஆலங்காயத்தில் மகன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்குப் பேச்சுத்துணை அவர்தான். நான் கிறிஸ்தவள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் மதித்துக் கூப்பிட்டாரே என்று போனேன். மேடையில் மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஒரு தம்பி, மலையில் நடந்த ஊழியத்தின் வரலாற்றைச் சொன்னார். "ஜவ்வாது மலையில அந்தக் காலத்துல பள்ளிக்கூடம் வெச்சு ரொம்ப பிரயாசப்பட்டாங்க. ஆனா கனி கிடைக்கல. ஒரு ஆத்துமாகூட வரல" என்றார். கூட்டம் பாவப்பட்டு உச்சுக்கொட்டியது. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். சாப்பாட்டுக்குக்கூட நிற்கவில்லை.

அந்தத் தகரக் கொட்டகையில் என்னோடு உட்கார்ந்து படித்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். பாதி உங்களுக்கும் தெரியும். ஆனால் நாம் எல்லோரும் அப்போது தரையில் உட்கார்ந்திருந்தோம். நடந்ததை அண்ணாந்துதான் பார்த்தோம். இப்போதுதான் அது நேர்க்கண்ணுக்குத் தெரிகிறது.

எழுபதுகளின் கடைசி அது. நான் மூன்றாம் வகுப்பு. சாமை கதிர் பிடித்திருந்த சமயத்தில் வாத்தியாரும் அவர் சம்சாரமும் மலையேறி வந்தார்கள். வாத்தியாருக்குப் பள்ளிக்கூடமும் உண்டு, பிரசங்கமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொட்டகை வாசலில் பெட்ரோமாக்ஸ் விளக்கை ஏற்றி வைத்து, சுருட்டி வைத்திருந்த வண்ணப் படங்களை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு, நரகத்தைப் பற்றித் தொண்டை கிழியப் பேசுவார். அந்த விளக்கின் இரைச்சல் நினைவிருக்கிறதா? மண்ணெண்ணெய் வாசனையும், வந்து மோதி விழும் பூச்சிகளும், வெள்ளை வெளிச்சத்தில் நம்முடைய முகமே நமக்கு அந்நியமாகத் தெரிந்ததும்? ஊரே வந்து உட்காரும். பேசி முடித்து வாத்தியார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்பார். என் அப்பா மரியாதையாகச் சொல்வார்: "வெளக்கு நல்லா எரியுதுங்க."

வாத்தியாரம்மா அந்தக் கூட்டத்தில் பின்னால் உட்கார்ந்து யாருடைய குழந்தையையாவது மடியில் போட்டுத் தூங்க வைத்துக்கொண்டிருப்பாள். உயரமானவள், அகலப் பாதம், கரகரத்த குரல். பாட்டுப் பாடினால் நாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். கணியம்பாடிப் பக்கம் பிறந்த ஊர். தெய்வப் பிறவி என்று நினைத்துவிடாதீர்கள். முணுக்கென்றால் கோபம் வரும். அட்டையைக் கண்டால் ஊரே கேட்கும்படி கத்துவாள். சர்க்கரையைப் பூட்டி வைப்பாள். ஆனால் அறுப்புக்குப் போகிற பெண்கள் கைக்குழந்தையை அவள் வீட்டில் விட்டுவிட்டு நிம்மதியாகப் போனார்கள். சாமை குத்தத் தெரியாது. கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டாள். உள்ளங்கை கொப்பளித்ததைக் காட்டி, "உங்க ஊரு அரிசிக்கு என்மேல இன்னா கோவமோ" என்று சிரித்தாள். சாமியைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதாக எனக்கு நினைவில்லை.

அந்த அறுப்புக் காலத்தில்தான் என் அத்தையைக் கொண்டுவந்து விட்டார்கள்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. மலைக்கு அந்தப் பக்கச் சரிவில் ஒரு ஊரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவள் சிரித்தால் பலா மரத்துக் காக்கை பறந்துபோகும். மரமேறிப் பழம் வெட்டுவாள். முழங்கைக்குக் கீழே வெளுத்த தேமல் ஒன்று இருந்தது. யாரும் கவனிக்கவில்லை. ஒருநாள் களி கிண்டும்போது பானையின் விளிம்பில் கை பட்டு, தோல் வெந்து, கருகின வாசனை வந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்திருக்கிறது. வலியே இல்லை. மாமியார் அதைப் பார்த்துவிட்டாள். மறுநாளே கொழுந்தன் அழைத்து வந்து நம் ஊர் எல்லையில் விட்டான். ஊருக்குள் வரவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. "பெருநோவு. உங்க பொண்ண நீங்களே வெச்சிக்கோங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான்.

அப்பா காட்டோரத்தில் அவளுக்கு ஒரு குடிசை போட்டார். அழுதுகொண்டேதான் போட்டார். அதை எத்தனையோ பேர் எனக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள், உங்கப்பன் அழுதான், கல்நெஞ்சக்காரன் இல்லை என்று. எனக்குத் தெரியும், பார்த்தேன். அழுதுகொண்டே செய்தால் செய்தது சரியாகிவிடுமா?

சோறு கொண்டுபோவது அம்மாவின் வேலை. குடிசைக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு தட்டைப் பாறை. அதன்மேல் அலுமினியத் தட்டை வைத்துவிட்டு, ஒரு கல்லால் பாறையைத் தட்டுவாள். டக் டக்கென்று சத்தம் பள்ளிக்கூடம் வரை கேட்கும். அம்மா ஊர்ப்பக்கம் திரும்பி நடந்த பிறகுதான் அத்தை வந்து எடுக்க வேண்டும். அது ஊர் வைத்த சட்டம். நானோ அந்தப் பாறையைத் தாண்டவே கூடாது.

ஒரு மதியம் அந்தச் சத்தம் கேட்டபோது நான் வாத்தியாரம்மாவுக்குத் தண்ணீர்க் குடம் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தேன்.

"தெனிக்கும் இந்த நேரத்துக்குக் கேக்குதே, இன்னாடி அது? நாய்க்கு சோறு வெக்கிறாங்களா?"

"நாய்க்கு இல்ல. எங்க அத்தைக்கு."

குடத்தை இடுப்பில் வைத்தபடி அப்படியே நின்றாள். தண்ணீர் வழிந்து புடவையை நனைத்தது. துடைக்கவில்லை. பிறகு குடத்தை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குள் போனாள். வரும்போது கையில் பேன்சீப்பும், ஒரு கிண்ணத்தில் விளக்கெண்ணெயும் இருந்தன. விறுவிறுவென்று நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். பாறை வரைக்கும்தான்.

அத்தை சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தாள். தலைமுடி சடையாகத் திரண்டு, பேன் மண்டியிருந்தது. யாரோ பாறையைத் தாண்டி வருவதைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"வராதம்மா. அங்கியே நில்லு. தொட்டா ஒட்டிக்கும்."

"பேனுதான ஒட்டிக்கும். எனக்கு அது ஒண்ணும் புதுசு இல்ல. நீ பாட்டுக்குத் துன்னு."

அவள் பின்னால் போய்க் குந்திக்கொண்டு, எண்ணெயைத் தடவி, நுனியிலிருந்து சிக்கெடுக்கத் தொடங்கினாள். அத்தை சாப்பிடவில்லை. சோறு தட்டில் ஆறியது. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது. வாத்தியாரம்மா ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "தலைய ஆட்டாத, முடி அறுந்துடும்" என்றாள். சாயங்காலம் வெயில் சாய்கிற வரை வாரினாள். விளக்கெண்ணெய் வாசனை காற்றில் பாறை வரை வந்தது. மனுஷக் கை பட்டே பல வாரம் ஆன ஒருத்திக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று நான் இந்த வயதில் யோசித்துப் பார்க்கிறேன். முழுதாகப் புரியவில்லை.

அதன் பிறகு தினமும் போனாள். கையைத் தண்ணீரில் ஊறவைத்து, புண்ணைக் கழுவி, எண்ணெய் பூசிக் கட்டினாள். தன் சோற்றையும் எடுத்துப்போய் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒடுகத்தூர்ச் சாலையில் ஒரு புங்கமரத்தடிக்குச் சந்தை நாளில் ஆஸ்பத்திரி வண்டி வரும், இந்தத் தொழுநோய்க்கு மாத்திரை கொடுப்பார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அத்தையைக் கூட்டிக்கொண்டு காட்டுப்பாதையில் இறங்கினாள். நோய் ஆரம்பத்திலேயே இருக்கிறது, மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் சரியாகும், வீட்டில் எல்லோரோடும் இருக்கலாம் என்று அங்கே சொல்லி அனுப்பினார்கள். அதை வாத்தியாரம்மா வந்து அப்பாவிடம் சொன்னாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "ஊரு ஒத்துக்காதும்மா" என்றார்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது நடந்ததை அத்தை பிறகு எனக்குச் சொன்னாள். மலையடிவாரம் வரை பஸ் ஏறியிருக்கிறார்கள். அத்தையின் கைக்கட்டைப் பார்த்த கண்டக்டர் விசில் ஊதி வண்டியை நிறுத்தி, "நீ எறங்கு" என்றாராம். வாத்தியாரம்மாவும் எழுந்தாள். "நீங்க உக்காருங்கம்மா, உங்கள சொல்லல" என்றாராம். அவள் இறங்கி, அத்தையின் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, கொதிக்கிற தார்ச் சாலையில் நடந்தாளாம். வழி முழுக்க அந்தக் கண்டக்டரைத் திட்டிக்கொண்டே வந்தாள் என்று சொல்லி அத்தை சிரித்தாள். வந்து சேர்ந்த பிறகு அத்தை சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஊர் சும்மா இருக்குமா? அந்தக் கையால் ஊற்றில் மொள்ளுகிறாளே என்றார்கள். குழந்தைகளை விட்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் ஊர்க்கவுண்டர் புளியமரத்தடியில் கூட்டம் கூட்டினார்.

"எங்கூட்டுப் பொம்பளைய உங்க மதத்துக்கு இழுக்கிறியாமே, ஊர்ல பேச்சு கீது. இன்னா சொல்ற?"

"தல வாருறதுக்கு இன்னா மதம் வேணுங்க? நான் பேனு எடுத்தேன். புண்ணு கழுவினேன்."

"சும்மா யாரும் அடுத்தவ புண்ணக் கழுவ மாட்டாங்க. உன் சாமியக் கும்புடச் சொன்னியா இல்லியா?"

அத்தை தூரத்தில், காட்டோரத்தில் நின்றிருந்தாள். கூட்டத்துக்கு வர அவளுக்கு அனுமதி இல்லை. அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "ஒரு நாளும் சொல்லல. நானாத்தான் கேட்டேன், இப்டி எல்லாம் செய்யச் சொல்ற சாமி யாரு, பேரு இன்னான்னு. அப்புறம்தான் பேரச் சொல்லிச்சு."

அதுவே போதுமாக இருந்தது கவுண்டருக்கு. பார்த்தீங்களா, பேரைச் சொல்லியிருக்கிறாள் என்றார். வாத்தியாரம்மா இனி ஊர் ஊற்றில் மொள்ளக் கூடாது என்று தீர்ப்பு. அன்றிலிருந்து அவள் பள்ளத்து ஓடை வரை இறங்கிக் குடம் சுமந்தாள். வாத்தியார் திண்டாடிப்போனார். ஒருநாள் பாடம் நடத்தும்போதே உள்ளே பார்த்து, "நீ அங்க போறதாலதான் என் பேச்ச யாரும் கேக்கறதில்ல" என்று கத்தினார். உள்ளேயிருந்து கரகரத்த குரல் வந்தது. "முன்னாடியும் யாரும் கேக்கலீங்க. வெளக்கத்தான் பாத்தாங்க." நாம் சிரித்தோம், பிரம்படி வாங்கினோம். நினைவிருக்கும்.

இதெல்லாம் நம் ஜனம் செய்தது. பயம், அறியாமை. திட்டுகிறேன், ஆனால் புரிகிறது. அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை.

பனிக்காலத்தில் கீழேயிருந்து போதகர் ஜீப்பில் வந்தார். வாத்தியார்களுக்கெல்லாம் மேலே இருப்பவர். நம்மை வரிசையாக நிற்க வைத்துப் பாடச் சொன்னார்கள். மிட்டாய் கொடுத்தார், நல்லவிதமாகத்தான் பேசினார். பிறகு கொட்டகைக்குள் நம் எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்து வாத்தியாரைப் பார்த்து, "ஞானஸ்நானத்துக்கு எத்தனை பேர் ஆயத்தம்?" என்று கேட்டார். வாத்தியார் தரையைப் பார்த்தார். அப்புறம், பாவம், தப்பித்தால் போதும் என்று அத்தையைப் பற்றிச் சொல்லிவிட்டார். போதகர் முகம் மலர்ந்தது. வாத்தியாரம்மாவைக் கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ணுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமையே கொடுத்துடலாம்மா. ஒரு கனியாவது காட்டணும். மேல கேக்கறாங்க."

"வேணாங்கய்யா. அவ கை இன்னும் ஆறல."

"ஞானஸ்நானத்துக்கும் கைக்கும் என்ன சம்பந்தம்?"

"மாத்திர வாங்கிக் குடுத்ததுக்குக் கூலி கேட்ட மாரி ஆயிடுங்க. வேணாம்னு சொல்ல அவளுக்கு வாய் வராது. மொதல்ல அவ வூட்டுக்குள்ள போவட்டும். அப்புறம் அவளா கேட்டா நானே கையப் புடிச்சி இட்னு வர்றேன்."

"இத்தனை நாளா அவகிட்ட போய் என்னதான் செஞ்சீங்க?"

"தல வாரினேன். புண்ணு கழுவினேன். கூட உக்காந்து சாப்ட்டேன்."

"அத ஒரு ஆயா செய்வாளே. ஆத்தும பாரம்னு ஒண்ணு உங்களுக்கு இல்லவே இல்லியா?"

அவர்கள் வேதத்திலேயே குரு தன் சீடர்களின் காலைக் கழுவிய இடம் இருக்கிறதாம். பக்கத்து வீட்டு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தப் போதகர் அதை எத்தனை பேருக்கு வாசித்துக் காட்டியிருப்பார்.

அந்த நேரத்தில்தான் அத்தை வாசலுக்கு வந்தாள். விருந்தாளி வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, இலைத்தொன்னையில் தேன் கொண்டுவந்திருந்தாள். உள்ளே வரவில்லை. இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு நின்றாள். போதகரின் கண் அவள் கைக்கட்டில் பட்டது. "அங்க வெச்சிட்டுப் போகச் சொல்லுங்க" என்றார், வாத்தியாரிடம். அத்தை வாசற்கல்லில் தொன்னையை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். பழகின காரியமல்லவா, அவளாகவே தூரம் போய் நின்றுகொண்டாள். யாரும் எடுக்கவில்லை. எறும்பு வந்தது. வாத்தியாரம்மா எழுந்து போய்த் தொன்னையை எடுத்தாள். எறும்பை ஊதிவிட்டு, விரலால் தொட்டு, போதகர் பார்க்கச் சாப்பிட்டாள். முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கும் ஒரு விரல் ஊட்டினாள். கசப்பும் இனிப்புமான மலைத்தேன். அந்த ருசிக்கு எனக்கு இன்றும் வார்த்தை இல்லை.

போதகரையும் நான் அரக்கன் என்று சொல்லவில்லை. மேலே பதில் சொல்ல வேண்டியவர். அவருக்கும் நெருக்கடி இருந்திருக்கும். ஆனால் அந்த நெருக்கடிக்கு என் அத்தையின் தலையைத் தண்ணீரில் முக்கிக் காட்டப் பார்த்தார். அது நடக்கவில்லை என்றதும் ஊழியத்துக்கு லாயக்கில்லாதவர்கள் என்று சொல்லி, வாத்தியாருக்கு இடமாற்றம் போட வைத்தார். பள்ளிக்கூடத்தையும் மூடினார்கள். நாம் மாடு மேய்க்கப் போனோம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மதம் மாற்றுகிறாள் என்று ஊர் தண்ணீரை நிறுத்தியது. மதம் மாற்றவில்லை என்று சபை பள்ளிக்கூடத்தையே நிறுத்தியது. ஒரே பெண், ஒரே காரியம். இரண்டு பக்கத்துப் பெரிய மனிதர்களும் அவளைப் பற்றி வேறெதிலும் ஒத்துப்போகவில்லை. அவள் போக வேண்டும் என்பதில் மட்டும் ஒத்துப்போனார்கள்.

புறப்படுகிற காலையில் காட்டோரம் போய் அத்தைக்குக் கடைசியாகத் தலை வாரிவிட்டாள். பிறகு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாள். அம்மா முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நான் போறேன். சந்த நாள்ல வண்டி வரும். மாத்திர நிறுத்தக் கூடாது" என்றாள் வாத்தியாரம்மா.

அம்மாவின் முறம் நிற்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவள் போய்விட்டாள். வாத்தியார் படச்சுருளைக் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடக்க, அவள் விளக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் இறங்கினாள். அவர்கள் எங்கே போனார்கள், என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது. பெரியவளான பிறகு கணியம்பாடி வரை போய்த் தேடியிருக்கிறேன். கிடைக்கவில்லை.

அத்தைக்கு நோய் குணமானது. இரண்டு விரல் மடங்கியது மடங்கியதுதான். மற்றபடி எங்களோடு வெகுகாலம் இருந்தாள், என் கல்யாணத்துக்குப் பந்திச் சோறு அவள்தான் பொங்கினாள். தலை நரைத்த பிறகு ஒருநாள், யாரும் கூப்பிடாமல், தானாகவே ஒடுகத்தூருக்கு இறங்கிப் போய் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு வந்தாள். மேடைத் தம்பி எண்ணாமல் விட்ட ஆத்துமா அது. ஆனால் அதற்காகத்தான் கோபப்படுகிறேன் என்று நினைக்காதீர்கள். அவள் வாங்காமலே போயிருந்தாலும் என் கோபம் இதே அளவுதான் இருக்கும். கனி இல்லை என்று சொல்பவர்கள் எந்த மரத்தைப் பார்த்தார்கள் என்பதுதான் என் கேள்வி. நான் என் வீட்டுக்குள்ளேயே ஒன்றைப் பார்த்தேன்.

அவர்கள் போன பிறகு வந்த முதல் சந்தை நாள். அத்தை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பாறை வரை வந்து நின்றாள். காட்டுப்பாதையில் கரடி உண்டு, தனியாக யாரும் இறங்குவதில்லை. ஊர்ப்பக்கம் பார்த்தாள், பாதையைப் பார்த்தாள். அம்மா உரலில் சாமை குத்திக்கொண்டிருந்தாள். உலக்கை நின்றது. சுவரில் சாத்திவிட்டு, முகம் கழுவி, புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு, பாறையைத் தாண்டிப் போய் அத்தையின் கையிலிருந்து பையை வாங்கினாள். இரண்டு பேரும் இறங்கிப் போனார்கள். ஊர்ப் பெண்கள் உலக்கையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பினார்கள். அம்மா அத்தையைக் குடிசைப் பக்கம் விடவில்லை. கையைப் பிடித்து நேராக எங்கள் வீட்டுக்குள், அடுப்பங்கரை வரை கூட்டிக்கொண்டு வந்தாள். அடுப்பெதிரே குளிர்காய்ந்துகொண்டிருந்த அப்பா திடுக்கிட்டு எழப் பார்த்தார்.

"இன்னாடி இது? நீயும் அந்த மதத்துக்குப் போய்ட்டியா?"

"மதமெல்லாம் எனக்கு ஒண்ணும் தெரியாது. அந்தம்மா இட்னு போச்சு, நானும் இட்னு போனேன். பசியோட வந்துகீறா. நவுரு, அவ குந்தட்டும்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். பிறகு நகர்ந்து இடம் விட்டார்.